பானெட்டுக்குள்ள மூணு பொட்டு

அத்தியாயம் 11

போன வாரம் எங்க நிறுத்துனேன்னு ஞாபகம் இருக்குதா? மாப்ள என் கண்ண நேரா பாத்து, "மாமா, நீங்க வண்டியத் தொட்டீங்களா?"ன்னு கேட்டாரு. "நான் எதுக்கு மாப்ள தொடப்போறேன்"னு சொன்னேன். அந்த எடத்துல நிறுத்துனேன். ஒரு வாரமா என்னாலயும் அந்த எடத்த வுட்டு நகர முடியல.

புதுசா படிக்க வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். எம் பேரு கஜபதி, மேனாம்பேடு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில இருவத்தொம்போது வருஷம் லேத் ஓட்டுனேன். ஜூன் மாசம் எங்க செக்ஷன மூடி எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. சம்சாரம் சுலோசனா. ஒரே பொண்ணு கிருஷ்ணப்பிரியா. மாப்ள கோபி ஈரோட்டுக்காரரு, கம்ப்யூட்டர் கம்பெனி வேல. ரெண்டு பேரும் அயப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஃபிளாட்ல கீறாங்க.

வெள்ளிக்கெழம மாப்ள தன் கார மண்ணூர்பேட்டை ஆசிக் ஒர்க் ஷாப்புல சர்வீஸ் பண்ணி எடுத்தாரு. ஆசிக்க காட்டிவுட்டது நான்தான். மறுநாள் எங்க ஊட்டு வாசல்ல நிறுத்திட்டு ஆபீஸ் வேலையா பெங்களூரு போய்ட்டாரு.

ஞாயித்துக்கெழம நான் பானெட்ட தொறந்தேன்.

ஆயுத பூஜைக்கு நாங்க மெஷின எப்டி கழுவுவோம்னா, மண்ணெண்ணெய் அடிச்சு, பிரஷ் போட்டு தேச்சு, ஏர் கன்னால ஊதி, கையோட சந்தனம் குங்குமம் வெச்சுடுவோம். இருவத்தொம்போது வருஷமா அப்டித்தான். இந்த வருஷம் எனக்கு மெஷின் இல்ல. வாசல்ல மாப்ள காரு நின்னுகினு இருந்துச்சு.

பழைய ரேஷன் மண்ணெண்ணெய் கால் கேன் பரண்ல கெடந்துச்சு. எடுத்து அடிச்சேன். ஏர் கன் இல்ல, அதனால தண்ணி டியூபு வாய கட்டவெரலால அமுக்கி நல்லா பீச்சி வுட்டேன். இன்ஜின் பளபளன்னு ஆயிடுச்சு. ஏர் ஃபில்டர் மூடி மேல மோதர வெரலால மூணு பொட்டு வெச்சேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்கு மத்தியானம் நல்லா தூங்குனேன்.

செவ்வாக்கெழம மாப்ள வந்து வண்டிய எடுத்தாரு. ஓ.டி. பஸ் ஸ்டாண்ட கூட தாண்டல. குளிர்ஜுரம் வந்த மாதிரி ஒதறி, நடுரோட்ல நின்னுடுச்சு. கட்டி இழுத்துகினு போய் ஆசிக்கு கிட்டயே வுட்டோம். அன்னிக்கு சாயங்காலம்தான் அவரு என்ன கேட்டது. நான் பொய் சொன்னது.

இப்ப புதன்கெழம. மறுநாள் ஆயுத பூஜ.

காலைல சுலோசனா பூஜ சாமானெல்லாம் தேச்சுகினு இருந்தா. நான் கூடத்துல பேப்பர் பாத்துகினு இருந்தேன்.

"இன்னாய்யா இது?"

சந்தனக் கிண்ணத்த என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. சின்ன பித்தள கிண்ணம். உள்ள சந்தனம் காஞ்சு ஒட்டிகினு இருந்துச்சு, அது மேல கருப்பா ஒரு வெரல் தடம்.

"இன்னாது?"

"என்னையே கேளு. கிரீஸு. சாமி கிண்ணத்துல கிரீஸு எப்டி வந்துது? சாமி ராத்திரில லேத் ஓட்டுதா?"

நான் பேப்பர திருப்புனேன்.

"ஞாயித்துக்கெழம ஊடெல்லாம் மண்ணெண்ண நாத்தம். நான் கேக்கல. பரண்ல கேன் காலி. கேக்கல. மாப்ள கேட்டப்ப நீ ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நின்னுகினு இருந்த. அப்பவும் நான் வாயத் தொறக்கல."

"இப்ப மட்டும் எதுக்கு கேக்குற?"

"இப்பவும் கேக்கல. காட்டுறேன்."

"கழுவிடு" அப்டின்னேன்.

அவ கிண்ணத்த பாத்தா. என்ன பாத்தா. உள்ள போய்ட்டா.

கொஞ்ச நேரத்துல வாசல்ல ஸ்கூட்டி சத்தம். பிரியா. பொரி, கடல, பூசணிக்காய் எல்லாம் மாட்டிகினு வந்தா. செருப்ப கழட்டும்போதே பேச ஆரம்பிச்சுட்டா.

"நைனா, நீ ஒண்ணும் கவலப்படாத. அவரு குரூப்ல போட்டுட்டாரு."

"எந்த குரூப்பு?"

"எங்க ஃபிளாட் குரூப்பு. நூத்தி எம்பது ஊடு கீது அதுல."

ஃபோன எடுத்து படிச்சு காட்டுனா. மண்ணூர்பேட்டை ஆசிக் ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் விட்டேன், எடுத்து நாலே நாளில் வண்டி நடுரோட்டில் நின்றது, இன்ஜின் மேலே தண்ணி அடித்து நாசம் பண்ணியிருக்காங்க, யாரும் அங்கே விடாதீங்க. கூடவே ஆசிக்கு கட போர்டு ஃபோட்டோ.

"பூஜைக்கு கிளீனிங் பண்றதுக்கு எங்க ஃபிளாட்லேர்ந்து பன்னெண்டு பேர் அவன்கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்களாம். ஒம்போது பேர் வேணாம்னு போட்டுட்டாங்க. இனிமே எவன் வண்டிலயாவது வெளையாடுவானா?"

பேப்பர மடிச்சு வெச்சுட்டு எழுந்துக்கப் பாத்தேன்.

"இரு நைனா, நானும் கீழ போட்டேன் பாரு. 'எங்க அப்பா சொல்லித்தான் அங்கே விட்டோம். முப்பது வருஷம் மெஷினோடவே இருந்தவர். அவரே ரொம்ப நொந்துட்டார்.' எத்தினி பேர் கும்பிடு போட்டுகீறாங்க பாரு. செகரட்டரி சார் கூட, 'அப்பாவை கேட்டதாகச் சொல்லவும்'னு போட்டுகீறாரு."

வரிசையா கும்பிடு போட்ட கை. இருவது முப்பது இருக்கும். எல்லாம் எனக்கு.

நிமிந்து பாத்தேன். சுலோசனா அடுப்பாங்கர வாசப்படில நின்னுகினு இருந்தா. கைல அந்த கிண்ணம்.

"அம்மா, இன்னா அது?"

"ஒண்ணுமில்லடி. உங்க நைனா கழுவ சொன்னாரு."

நான் எழுந்து சட்டய மாட்டுனேன்.

"எங்க நைனா கெளம்பிட்ட?"

"வாழக்கண்ணு வாங்கியாறேன்."

அதுவும் பொய். அந்த வாரம் பொய் என் வாயில தானா வந்துச்சு.

டி.வி.எஸ்ஸ எடுத்துகினு மண்ணூர்பேட்டை போனேன். எஸ்டேட் ரோடு ஃபுல்லா பூசணிக்காய் குவிச்சு வெச்சிருந்தாங்க. கம்பெனி கேட்டுக்கெல்லாம் சீரியல் லைட்டு போட்டுகினு இருந்தாங்க. எங்க கம்பெனி கேட்டு வழியா போனா அஞ்சு நிமிஷம். நான் சுத்திகினு போனேன். எவனாவது கூப்ட்டு, "இன்னா கஜா, இந்த வருஷம் எந்த மெஷினுக்கு பொட்டு வெச்ச?"ன்னு கேட்டுட்டா இன்னா சொல்றது.

ஆயுத பூஜைக்கு மொத நாள் ஆசிக்கு கடைல கால் வெக்க எடம் இருக்காது. அன்னிக்கு எங்க மாப்ள காரு மட்டும்தான் நின்னுகினு இருந்துச்சு, பானெட்ட தொறந்து வெச்சு. ஆசிக் அதுக்குள்ள தலய வுட்டுகினு இருந்தான். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். அவங்க அத்தா காலத்துலேர்ந்து எனக்கு பழக்கம்.

"வா அண்ணாத்தே. உக்காரு. டீ சொல்லவா?"

"வேணாம். எப்டி கீது வண்டி?"

"தேறிடுச்சு. பிளக்கு குழி நாலுலயும் தண்ணி நின்னுகினு இருந்துச்சு. ஒரு காயில் போச்சு, மாத்திட்டேன். மிச்சத்த காய வெச்சு போட்டுட்டேன். தண்ணி கூட பரவால்ல அண்ணாத்தே, காஞ்சுடும். மண்ணெண்ணெய்தான் பேஜாரு. ரப்பர் ஹோஸ் பைப்பெல்லாம் ஊதிக்கும். சூட்ல ஆவி கெளம்பி ஒரு பொறி பட்டா வண்டியே போய்டும்."

மண்ணெண்ணெய்னு அவன்தான் சொன்னான். நான் சொல்லல. சொல்லும்போது அவன் என் மூஞ்சிய பாக்கவும் இல்ல.

"இந்த பக்கம் மட்டும் அழுக்கு நிக்குது. தொடச்சா முடிஞ்சுது. கை குடுக்கிறியா?"

சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. கையாவது வேல செய்யட்டும்னு எழுந்தேன்.

"மொதல்ல தொட்டுப் பாரு, சூடு கீதான்னு."

தொட்டேன். ஆறி இருந்துச்சு.

"சூடா இருந்தா கிட்டவே போவக்கூடாது. பேட்டரில மைனஸ் ஒயர கழட்டிட்டேன், அதுதான் மொத வேல. இந்தா பாரு, மூணு எடத்துல கட்டி கீறேன்."

ஆல்டர்னேட்டர் மேல ஒரு கேரி பேக். ஃபியூஸ் பொட்டி மேல ஒண்ணு. ஏர் இழுக்கற வாய்க்கு ஒண்ணு. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி கட்டியிருந்தான். கைல ஒரு பெயிண்டு பிரஷ்ஷும், மக்குல ஷாம்பு தண்ணியும் குடுத்தான்.

"பிரஷ்ஷ நனச்சு தேய். ஒழுக ஒழுக வெக்காத. ஒயரு ஜாயிண்டு பக்கம் போவாத. ஈரத் துணியால வழிச்சு எடு, அப்பால காஞ்ச துணி. டியூபே வேணாம். பானெட்ட தொறந்தே வுட்டு நல்லா காய வெச்சுட்டு, பைய அவுத்துட்டு, கடசில பேட்டரிய மாட்டு."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். ஊட்லயே பண்ணலாம். ஒரு ஃபோன் அடிச்சு கேட்டா சொல்லப் போறேன். எவன் கேக்குறான்?"

லேத் ஓட்டுனவன் பிரஷ் புடிக்க கத்துக்க வேணாம். ஒழுங்கா தேச்சேன். தேச்சுகினே ஏர் ஃபில்டர் மூடி கிட்ட வந்தேன். அங்க தேய்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. சுத்தமா கருப்பா இருந்துச்சு. மூணு பொட்டும் இல்ல.

என் கை நின்னுடுச்சு. ஆசிக் பாத்துட்டான். ஸ்பேனர கீழ வெச்சான்.

"அண்ணாத்தே, உன்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்."

"நீயா?"

"அந்த பொட்ட நான் தொடச்சுட்டேன். உங்க சாமி விஷயம், கேட்டுட்டு தொடச்சிருக்கணும். நேத்து மாப்ள வந்து எட்டிப் பாக்கறதுக்குள்ள அவசரமா தொடச்சேன். அப்பாலேர்ந்து மனசு ஒரு மாதிரியாவே கீது."

பொட்ட பாத்த ஒடனே அவனுக்குத் தெரிஞ்சு போயிருக்கு. மாப்ளக்கு பொட்டு வெக்கத் தெரியாது, அவனும் வெக்க மாட்டான். மேனாம்பேட்டுல அந்த வண்டி நின்னுது எங்க ஊட்டு வாசல்ல. தெரிஞ்சுகினே தொடச்சுட்டு, மாப்ள கத்துனத எல்லாம் வாங்கிகினு நின்னுகீறான். இப்ப என்கிட்டயே மன்னிப்பு கேக்குறான்.

லேத்துல ஒரு தடவ என் வெரல் நுனி போச்சு. அன்னிக்கு கூட நான் நிமுந்துதான் நின்னேன். இங்க பக்கத்துல கெடந்த டயரு மேல உக்காந்தேன்.

"தெரிஞ்சுகினே ஏன்டா சொல்லல?"

"மருமவன் கிட்ட போய் மாமனார போட்டுக் குடுக்க சொல்றியா? எனக்கும் மாமனாரு கீறாரு. ரெண்டு பொண்ணு கீது, நாளைக்கு நானும் மாமனாரு."

"ஒம்போது வண்டி போச்சாமே."

"பத்து. காலைல ஒருத்தரு ஃபோன்லயே சொல்லிட்டாரு."

அதுக்கு மேல நான் பேசறதுக்குள்ள வாசல்ல ஆட்டோ வந்து நின்னுது. மாப்ள.

"ஏனுங்க, வண்டி ஆச்சுங்களா?" அப்டின்னு ஆசிக்க பாக்காமயே கேட்டாரு.

"ஆச்சு சார். ஈரம் கொஞ்சம் காயணும். பத்து நிமிஷம்."

அப்பதான் என்ன பாத்தாரு. கைல பிரஷ்ஷு, பேன்டெல்லாம் அழுக்கு.

"மாமா, நீங்க எதுக்குங்க இதெல்லாம்? அவங்க பண்ணி வெச்சதுக்கு நீங்க கழுவோணுமா?"

"நான் பண்ணி வெச்சதத்தான் மாப்ள கழுவுறேன்."

"புரியலைங்க."

"ஞாயித்துக்கெழம நான்தான் பானெட்ட தொறந்து மண்ணெண்ணெய் அடிச்சேன். டியூபு வெச்சு தண்ணி பீச்சுனேன். ஆசிக் ஒண்ணும் பண்ணல."

சொல்லிட்டேன். மாப்ள என்ன பாத்துகினே இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு. நல்ல சிரிப்பு, ஆசையா சிரிச்சாரு.

"மாமா, உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா? பிரியா குரூப்புல காட்டிருப்பா. இவரு பொழப்பு போகுதேன்னு பழிய நீங்க தூக்கிக்கிறீங்க. முப்பது வருஷம் மெஷின்ல இருந்தவரு இன்ஜின் மேல தண்ணி பீச்சுவாருங்களா? கொழந்தகூட அப்படிப் பண்ணாதுங்க மாமா."

கொழந்தகூட பண்ணாது.

"பொட்டு வெச்சேன் மாப்ள. இதோ, இந்த மூடி மேல."

"எங்கிங்க மாமா?"

மூடி சுத்தமா இருந்துச்சு.

அங்கயே வுட்டிருக்கலாம். நான் சொல்லியாச்சு, அவரு நம்பல, பழி எம் மேல வரல. நேத்த விட பெரிய மனுஷனா ஊட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அது எனக்குப் புடிச்சுது. அதையும் மறைக்காம எழுதிடறேன். ஆசிக் தல குனிஞ்சு கேரி பேக்க ஒண்ணொண்ணா அவுத்து மடிச்சுகினு இருந்தான். அவன் என்ன பாத்திருந்தா கூட பரவால்ல. பாக்கல.

ஃபோன எடுத்து ஊட்டுக்கு போட்டேன். ஸ்பீக்கர அமுக்கி, மாப்ள பக்கம் புடிச்சேன்.

"சுலோசனா, அந்த கிண்ணத்த கழுவினியா?"

"ஏன், கழுவலன்னா வந்து கழுவப் போறியா?"

"கேக்கறதுக்கு பதில் சொல்லு."

"கழுவல. உன் மோதர வெரலு கிரீஸு அப்டியே கீது. சாமி முன்னாடியே வெச்சுட்டேன், நீயே வந்து அதுகிட்ட சொல்லிக்க. வாழக்கண்ணு வாங்க மண்ணூர்பேட்டைக்கா போன? மாப்ளகிட்ட சொன்னியா இல்ல அந்த பாய் தலைலயே கட்டிட்டு வரப்போறியா? பாவம்யா அவன். நீ பரண்லேர்ந்து மண்ணெண்ணய எடுத்து ஊத்துவ, அவன் பொழப்பு போவணுமா?"

"சுலோசனா, மாப்ள பக்கத்துல கீறாரு. ஸ்பீக்கர்ல போட்டுகீறேன்."

ரொம்ப நேரம் கழிச்சு, "நல்லா கீறீங்களா மாப்ள?"ன்னா. கட் ஆயிடுச்சு.

வேற நாளா இருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். மாப்ள மூஞ்சில இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. நான் அத்த பாத்துகினே நின்னேன்.

"நேத்து கேட்டனுங்களே மாமா. நேராத்தானுங்களே கேட்டேன்."

"ஆமா."

"வண்டி போனா போகுதுங்க. இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு மாப்ள. இத்தினி வருஷம் மெஷினோட இருந்தவன், ஒரு காரு இன்ஜின கழுவத் தெரியாம..."

அவரு ஃபோன எடுத்தாரு. "அந்த மெசேஜ அழிச்சுர்றேன்."

"அழிச்சா போதாது மாப்ள. படிச்சவங்க படிச்சுட்டாங்க. அந்த குரூப்ல நான் பேசணும்."

"வேண்டாங்க மாமா. செகரட்டரில இருந்து எல்லாரும் இருக்காங்க. பிரியா வேற உங்களப் பத்தி பெருசா எழுதிருக்கா. அவ எப்படி நாளைக்கு லிஃப்ட்ல அவங்க மூஞ்சியப் பாப்பா?"

எனக்கும் உறுத்துனது அதுதான். அவ ஒரு பொய்யும் சொல்லல. என்ன நம்பி எழுதுனா.

"ஆசிக்கும் நாளைக்கு நாலு மூஞ்சிய பாக்கணும் மாப்ள. அந்த வாய்ஸ் மெசேஜ் மைக்க அமுக்குங்க."

அவரு மொத தடவயா ஆசிக்க திரும்பிப் பாத்தாரு. அமுக்கி, ஃபோன என் வாய் கிட்ட நீட்டுனாரு.

"வணக்கம். நான் கஜபதி, கோபியோட மாமனார் பேசறேன். அந்த கார் இன்ஜின்ல தண்ணி அடிச்சது ஆசிக் இல்ல. நான். மண்ணெண்ணெயும் நான்தான் ஊத்துனேன். மாப்ள கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். எம் பொண்ணுக்கு இது தெரியாது, அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு போட்ட கும்பிட எல்லாம் திருப்பி எடுத்துக்கங்க. ஆசிக் வண்டிய ரிப்பேர் பண்ணிட்டான். சாயங்காலம் வரைக்கும் கடைல இருப்பான். அவ்ளோதான்."

வெரல எடுத்தாரு. போயிடுச்சு.

ஆசிக் பேட்டரிய மாட்டி, வண்டிய ஸ்டார்ட் பண்ணான். ஒரு ஒதறல் இல்ல. மாப்ள அவன் கிட்ட போய், "மன்னிச்சுக்கோங்க பாய், விசாரிக்காம போட்டுட்டேனுங்க"ன்னு சொன்னாரு. கையப் புடிச்சு சொன்னாரு. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. எப்பவும், "வரேனுங்க மாமா, வரேனுங்க"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு போற மனுஷன். அன்னிக்கு கண்ணாடிய ஏத்திகினு போய்ட்டாரு. நாளைக்கு பூஜைக்கு ஊட்டுக்கு வருவாரா மாட்டாரான்னு நானும் கேக்கல.

ஆசிக்கு ஃபோன் டேபிள் மேல கெடந்துச்சு. ரெண்டு பேரும் அத்தயே பாத்துகினு இருந்தோம். அது அடிக்கல.

என் ஃபோன்தான் அடிச்சுது. பிரியா.

கை ஃபுல்லா அழுக்கு. தொடச்சுட்டு எடுக்கலாம்னு துணி தேடுனேன். நின்னு போச்சு. மறுபடி அடிச்சுது. அழுக்கு கையோடவே எடுத்தேன்.

"நைனா" அப்டின்னா.

"சொல்லும்மா."

அதுக்கு மேல அவ பேசல. ஃபோன வெக்கவும் இல்ல. நானும் காதுலயே வெச்சுகினு நின்னேன்.